கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து வேகமான லேப்டாப் வாங்கலாமா?

ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு லேப்டாப்புகள், விலையில் சிறு வித்தியாசம். கூடுதல் பணம் தகுமா என்பது, அது எந்தப் பாகத்துக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

பிராசஸர் கணக்குப் போடும் பாகம். ராம் என்பது, இப்போது திறந்திருப்பவற்றை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். ராமை எழுதும் மேசையாக நினைத்துக்கொள்ளுங்கள். மேசை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு தாளுக்கும் எழுந்து பீரோவுக்குப் போய்வர வேண்டும். எழுதுகிறவர் எத்தனை வேகக்காரராக இருந்து என்ன பயன்? லேப்டாப்பிலும் ராம் நிரம்பியதும் மிச்சம், கோப்புகளை நிரந்தரமாகச் சேமித்துவைக்கும், ஆனால் பல மடங்கு மெதுவான எஸ்.எஸ்.டி.க்குத் தள்ளப்படுகிறது. வீடியோ அழைப்புக்கு நடுவே வேறொரு செயலிக்குத் தாவினால் திரை ஒரு கணம் உறைந்து நிற்கிறதே, அதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

ஆகவே 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி ராம் என்றால் தயங்காமல் கொடுக்கலாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட வழியில்லை. எஸ்.எஸ்.டி.யைப் பெரும்பாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். (எஸ்.எஸ்.டி.க்குப் பதில் இன்னமும் பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அந்த மாடலையே விட்டுவிடுங்கள்.) பிராசஸரில் 10 சதவீத வேகம், வீடியோ எடிட்டிங் போல நிமிடக்கணக்கில் ஓடும் வேலைகளில்தான் கண்ணுக்குத் தெரியும். அதுவும் சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கிகாஹெர்ட்ஸ் (பிராசஸர் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதன் அளவு) கூடினால் வேகமும் கூடும் என்பது ஒரே தலைமுறை, ஒரே வரிசை பிராசஸர்களுக்குள்தான் பொருந்தும். ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை முடிக்கும் புதிய 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், பழைய 3.5-ஐ எளிதில் முந்தக்கூடும்.