சம்பளம் கூடியும் கையில் வருவது ஏன் குறைவு?

வணக்கம் அண்ணா. தென்னாப்பிரிக்காவில் 2025-26 வரி ஆண்டில் ஆண்டுச் சம்பளம் 2,34,000 ராண்டில் இருந்து 2,46,000 ஆனதும் மொத்தத்துக்கும் 26 சதவீதம் பிடிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 2,37,100 வரை 18 சதவீதம்தான், அதற்கு மேலுள்ள 8,900-க்கு மட்டுமே 26. கூடின 12,000-இல் வரி 2,872 போகும், மீதி உங்களுக்கு (யூஐஎஃப் எனும் வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தம் தனி).

ஆனாலும் உங்கள் எரிச்சல் நியாயமானது. 2023 மார்ச்சில் வைத்த வரம்புகளை 2024, 2025 பட்ஜெட்டுகளில் அசைக்கவே இல்லை. 65 வயதுக்குக் கீழே வரியில்லா வரம்பு 2025-26 வரை அதே 95,750தான். விலைவாசிக்காகச் சம்பளம் ஏறியது, வரம்பு நகரவில்லை, வரி தானாகக் கூடியது. விகிதத்தைத் தொடாமலே வரியை உயர்த்தும் சாமர்த்தியம்! மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கட்டுவோருக்கான வரிச் சலுகையும் 2025-26-இல் முதல் இருவருக்குத் தலைக்கு அதே மாதம் 364-தான். அப்புறம், அப்பாவுக்கு 65 முதல் 74 வயது என்றால் 2025-26-இல் அவர் வரம்பு 1,48,217; அவருடைய பென்ஷன் பிடித்தத்தையும் பாருங்கள்.