ஊருக்குக் கட்டும் சந்தா

அன்புள்ள ஐயா,

நைஜீரியாவில், லாகோஸ் நகரில் ஒரு மருந்து இறக்குமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இக்போ, நாட்டின் தென்கிழக்கைச் சேர்ந்த இனத்தவர். லாகோஸிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதுக்குப் பக்கம். சொந்த ஊர் எது என்று கேட்டால் அனம்பிரா மாநிலத்தில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்கிறார். அங்கே சேர்ந்தாற்போல் ஒரு மாதம்கூட இருந்ததில்லையாம். ஆனால் அந்த ஊர்ச் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா, கிறிஸ்துமஸுக்குத் தனி வசூல், யாராவது செத்தால் அதற்கொரு வசூல். சலித்துக்கொண்டே கட்டுகிறார். இங்கே வாடகை வீடு. ஊரில் மூன்று மாடி வீடு கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார். பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசுகின்றன. அவர்களையும் அந்த ஊர்க்காரர்கள் என்றே சொல்கிறார்.

நீங்கள் எண்பதுகளில் அந்தப் பக்கம் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இது வெறும் ஊர்ப்பெருமைதானா? ராஜாவே இல்லாத ஜனநாயகச் சமூகம் என்று இக்போக்களைப் புகழ்கிறார்களே, அது உண்மையா? இந்த டிசம்பரில் என்னை ஊருக்கு அழைத்திருக்கிறார். போகலாமா?

அன்புடன்,
கு. மு., லாகோஸ்

—

அன்புள்ள கு. மு.,

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: போங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் நண்பர் லாகோஸில் பிறந்தவர், சரி. ஆனால் அவர் வாழ்நாளில் பூர்த்தி செய்த அத்தனை படிவங்களிலும் ‘பூர்வீக மாநிலம்’ என்று ஒரு கட்டம் இருந்திருக்கும். எங்கே பிறந்தாய் என்பது அதற்கு வேண்டாம். அப்பாவின் ஊர் எந்த மாநிலத்தில் என்பதுதான் வேண்டும். அரசு வேலை, பல்கலைக்கழக இடம் என்று பலதும் இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பங்கு பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு மத்திய அமைச்சராவது இருக்க வேண்டும், அவர் அந்த மாநிலத்துப் பூர்வகுடியாக இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. பூர்வகுடி என்ற சான்றிதழை அப்பாவின் ஊர் உள்ளாட்சி அலுவலகம்தான் கொடுக்கும். ஆக, நண்பர் தன்னை லாகோஸ்காரர் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டாலும் தாள் ஒத்துவராது. 2023 மார்ச்சில் லாகோஸ் ஆளுநர் தேர்தல் நடந்தபோது இக்போ வாக்காளர்களை மிரட்டித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுந்த புகார்கள் உங்கள் அலுவலகத்திலேயே பேசப்பட்டிருக்கும். ஊர்ப்பெருமை இருக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேறு ஊர் எதுவும் அவருக்குத் தரப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தப் பூட்டிய வீடு விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது முடங்கிய முதலாகத்தான் தெரியும். 1966ஐ நினைத்துக்கொண்டு பாருங்கள். அதுவரை நைஜீரியா முழுக்கப் பரவியிருந்தவர்கள் இக்போக்கள். கானோ, ஜோஸ், கடூனா என்று வடக்கு நகரங்களில் ரயில்வே குமாஸ்தா, தபால் ஊழியர், கடைக்காரர், மெக்கானிக் எல்லாம் அவர்கள்தான். அந்த வருஷம் இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்தன, வடக்கில் படுகொலைகள் நடந்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே ஓடிவந்தார்கள். வந்தவர்களில் பலர் உங்கள் நண்பரைப் போல ஊரைப் பேரளவில் மட்டும் அறிந்தவர்கள். அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் குடிசை போட்டுக் கொடுத்தது ஊரில் இருந்த பங்காளிகள். 1967 மே 30 அன்று அந்தக் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாக அறிவிக்கப்பட்டது, ஜூலையில் போர் தொடங்கியது, 1970 ஜனவரியில் முடிந்தது. சுற்றி வளைத்து உணவை மறித்ததில் பட்டினியால் செத்தவர்களே அதிகம். மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை பலவிதமாகச் சொல்லப்படுகிறது.

போர் முடிந்ததும் ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’ என்றார் நைஜீரியாவை அப்போது ஆண்ட ஜெனரல் கோவன். நல்ல வாக்கியம். ஆனால் பியாஃப்ரா காலத்தில் பயன்படுத்திய வங்கிக் கணக்கில் எவ்வளவு போட்டிருந்தாலும் கையில் கிடைத்தது 20 பவுண்டுதான். போர்ட் ஹார்கோர்ட்டில் அவர்கள் விட்டுவிட்டு வந்த வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்ற பெயரில் மற்றவர்கள் கைக்குப் போயின. 1972ல் வெளிநாட்டு நிறுவனங்கள் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்க வேண்டும் என்று ஆணை வந்தபோது வாங்க இவர்களிடம் பணம் இல்லை. இத்தனையும் ஒரே தலைமுறை பட்டது. உங்கள் நண்பரின் அப்பாவும் அதில் ஒருவராக இருந்திருப்பார். எந்த நகரத்தில் எவ்வளவு சம்பாதித்தாலும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாத இடத்தில் ஒரு வீடு வேண்டும் என்று அவர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பணம் வந்த பிறகு அந்த வீட்டுக்கு மூன்று மாடியும் பளபளக்கும் கதவும் ஏன் தேவைப்படுகின்றன என்று கேட்டால், அங்கே பெருமைதான் காரணம். பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு மாடி கட்டியிருப்பான்.

சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டீர்களா? உடனே ஒன்றும் ஆகாது. அப்பாவோ அம்மாவோ இறக்கும்வரை ஒன்றும் ஆகாது. இக்போ எங்கே இறந்தாலும் உடல் ஊருக்குப் போயாக வேண்டும். தன் வீட்டு வளவிலேயே குழி. குழி தோண்ட, பந்தல் போட, வருகிறவர்களுக்குப் பரிமாற உமுன்னா வேண்டும். உமுன்னா என்றால் ஒரே தகப்பன் வழிப் பங்காளிகள் கூட்டம். அவர்கள் முதலில் கணக்கு நோட்டைத்தான் திறப்பார்கள். எத்தனை வருஷப் பாக்கி, எந்த வசூலுக்குத் தரவில்லை, யாருடைய சாவுக்கு வரவில்லை என்று வாசிப்பார்கள். பாக்கியும் அபராதமும் கட்டி முடித்த பிறகுதான் மண்வெட்டி வரும். நான் அங்கே இருந்த காலத்தில் பெரிய உத்தியோகத்திலிருந்த ஒருவர், கோட் சூட்டோடு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எண்ணெய் ஆட்டிப் பிழைக்கும் அவருடைய சித்தப்பா முறைக்காரர் பாக்கியை உரக்கப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. அந்த மனிதர் கட்டினார்.

அந்த நோட்டிலிருந்து நல்லதும் வந்திருக்கிறது. ஊர்ச் சங்கங்கள் 1920கள், 30களில் நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஆரம்பித்தவை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பாலம், படிக்க வெளிநாடு போகும் பையனுக்குக் கப்பல் கட்டணம் எல்லாம் சங்கப் பணத்தில் நடந்தன. நான் பாடம் நடத்திய கட்டடமே அப்படி எழுந்ததுதான்.

இனி அந்த ராஜா இல்லாத கதை. முழுக்க உண்மை என்று சொல்ல முடியாது. ந்ரீயிலும் ஒனிட்சாவிலும் பழைய அரச மரபுகள் உண்டு. ஆனால் பெரும்பாலான ஊர்களில் பங்காளிக் கூட்டம், வயதுக் குழுக்கள், பட்டம் வாங்கிய பெரியவர்கள், முகமூடிச் சங்கம், அந்த ஊரில் பிறந்து வெளியே வாக்கப்பட்ட பெண்களின் கூட்டமான உமுவாடா என்று அதிகாரம் பல கைகளில் கிடந்தது. யார் மூலம் ஆள்வது என்று தெரியாமல் பிரிட்டிஷ்காரர்கள் தாங்களே சிலரைப் பிடித்து, கையில் வாரண்ட் என்ற நியமனத் தாள் கொடுத்து, தலைவர்கள் ஆக்கினார்கள். அவர்களுக்கு ‘வாரண்ட் சீஃப்’ என்று பெயர்.

1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில், ஒகுகோ என்ற வாரண்ட் சீஃப் அனுப்பிய ஆள் நுவன்யெருவா என்ற பெண்ணின் வீட்டுக்கு வந்தான். அவள் பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தாள். உன் ஆடு எத்தனை, ஆள் எத்தனை, எண்ணிச் சொல் என்றான். ஆண்களை முன்பு இப்படி எண்ணிவிட்டுப் போனதற்கு அப்புறம்தான் 1928ல் வரி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். உன் அம்மாவை எண்ணினாயா என்று கேட்டாள். கைகலப்பானது. அவள் நேராகப் பெண்கள் கூட்டத்துக்கு ஓடினாள். பனை ஓலையைத் தூதாக அனுப்பி ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டினார்கள். ஒகுகோவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரவும் பகலும் பாடி ஆடினார்கள். தப்பு செய்த ஆண்பிள்ளையை வழிக்குக் கொண்டுவர அங்கே பெண்களிடம் ஏற்கெனவே இருந்த வழிதான் அது. ஒகுகோவின் பதவித் தொப்பி போயிற்று, அவருக்கு இரண்டு வருஷச் சிறையும் கிடைத்தது. கலகம் பரவியதும் வெள்ளையரின் துருப்புகள் சுட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் இந்த மக்கள் எப்படி ஆளப்பட்டார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தது. இன்றும் ஆகஸ்ட் மாதம் லாகோஸ், அபுஜா, வெளிநாடு என்று எங்கிருந்தாலும் மனைவிமார்கள் கணவனின் ஊருக்குப் போய்ப் பெண்கள் கூட்டம் நடத்துகிறார்கள். நண்பரின் மனைவியைக் கேட்டால் ஆகஸ்ட் செலவைப் பற்றி அவரும் சலித்துக்கொள்வார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நைஜீரிய அரசே ஊருக்கு ஒரு பாரம்பரியத் தலைவர் வேண்டும் என்றது. அதிலிருந்து ராஜாக்களுக்குக் குறைவில்லை. பணக்காரர்கள் கிரீடத்தோடு திரிகிறார்கள். அதை விடுங்கள்.

ஜனநாயகம் என்ற புகழ்ச்சியில் நான் கலந்துகொள்ளத் தயங்குவது வேறு காரணத்துக்காக. கூட்டத்தில் எல்லோரும் பேசலாம் என்பது உண்மை. அந்த ‘எல்லோரும்’ யார்? ஓசு என்று ஒரு பிரிவினர் உண்டு. முன்னொரு காலத்தில் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வம்சம். கிழக்கு மாகாணச் சட்டசபை 1956லேயே சட்டம் போட்டு இந்தப் பாகுபாட்டை ஒழித்தது. வேலையில், படிப்பில் இன்று வித்தியாசம் தெரியாது. கல்யாணப் பேச்சு வந்தால் பெண் வீட்டார் சத்தமில்லாமல் ஆள் அனுப்பி ஊரில் விசாரிப்பார்கள். ஓசு என்று தெரிந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். டாக்டர்கள், பாதிரியார்கள் வீட்டிலும் இதுதான். இதை விளக்க நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மகள்களுக்கு அப்பா சொத்தில் பங்கில்லை என்ற வழக்கம் செல்லாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கிறது, பங்காளிகளை எதிர்த்து அதை ஊரில் நடத்திக்காட்டும் துணிச்சல் எத்தனை பெண்களுக்கு இருக்கும்? சாவுச் செலவும் அப்படித்தான். பணம் சேரும்வரை உடல் வாரக்கணக்கில் பிணவறையில் கிடக்கும். அனம்பிரா அரசு 2019ல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டுப் பார்த்தது. அதே நோட்டுதான் பள்ளிக்கூடமும் கட்டுகிறது, ஏழைக் குடும்பத்தைக் கடனிலும் தள்ளுகிறது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை ஊரோடு கட்டிவைக்கும் வலுவான கயிறு தொழில் பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். லாகோஸில் அலாபா சந்தையில் ஏதாவது மின்சாதனக் கடைக்குப் போய்ப் பாருங்கள். மூலையில் ஒரு பதினைந்து வயதுப் பையன் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பான். முதலாளியின் ஊர்ப் பையனாகவோ சொந்தமாகவோ இருப்பான். ஐந்தாறு வருஷம் முதலாளி வீட்டிலேயே சாப்பாடு, தூக்கம், சம்பளம் கிடையாது. தவணை முடிந்ததும் முதலாளி அவனுக்குக் கடை வைக்க முதல் கொடுத்து அனுப்ப வேண்டும். ‘செட்டில்மென்ட்’ என்பார்கள். அவன் நாளைக்கு அதே தெருவில் போட்டிக் கடை போட்டாலும் முதலாளிக்கு வருத்தமில்லை. அவனும் ஊரிலிருந்து இரண்டு பையன்களைக் கொண்டுவருவான். போர் முடிந்து 20 பவுண்டோடு நின்றவர்கள் ஒரு தலைமுறைக்குள் ஒனிட்சா, ஆபா, நெவி சந்தைகளை மறுபடி எழுப்பியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தவணை முடியும் நேரத்தில் திருட்டுப்பட்டம் கட்டி வெறுங்கையோடு துரத்தும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அப்போது பையனின் அப்பா போய் நிற்பதும் ஊர்ச் சங்கத்து வாசலில்தான்.

சரி, பயணம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் நைஜர் பாலம் ஏற ஒனிட்சாவுக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். இரண்டாவது பாலம் 2023ல் திறந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்கள். தண்ணீரும் ஏதாவது தின்பண்டமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நுழைந்ததும் ஒரு தட்டில் கோலாக்கொட்டை வரும். நைஜீரியா முழுக்க விற்கும் இரண்டு பருப்புக் கொட்டை சடங்குக்கு ஆகாது. நாலைந்து பருப்பாகப் பிரியும் வகை வேண்டும். தட்டு நேராக உங்களிடம் வராது. வீட்டுக்காரரிடமிருந்து அவருடைய பங்காளி, அங்கிருந்து அடுத்தவர் என்று உறவு முறைப்படி கைமாறிச் சுற்றிவிட்டு வீட்டுக்காரரிடமே திரும்பும். அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ஒரு பெரியவர் கொட்டையை உயர்த்திப் பிடித்து ஆயுசு, பிள்ளை, விளைச்சல், பருந்தும் உட்காரட்டும் கழுகும் உட்காரட்டும் என்று வேண்டுவார். ஒவ்வொரு வரிக்கும் எல்லோரும் ‘இசே’ என்பார்கள், நீங்களும் சொல்லலாம். வேண்டுதல் இக்போவில்தான் நடக்கும், ஏனென்றால் கோலாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நண்பரின் பிள்ளைகள் அந்த நேரத்தில் முழிப்பதைப் பார்க்கலாம். உடைத்ததும் பருப்பை எண்ணுவார்கள். நாலு இருந்தால் எகே, ஓரியே, அஃபோ, ன்க்வோ என்ற நாலு சந்தை நாட்களுக்கும் ஒன்று என்று சந்தோஷப்படுவார்கள். அவர்களுடைய வாரத்துக்கே நாலு நாள்தான். வாயில் போட்டால் கடுக்காய்த் துவர்ப்பு. கூடவே சின்ன வெள்ளைக் கத்தரிக்காய் வரும், பச்சையாகவே, காரம் சேர்த்த நிலக்கடலை விழுதில் தொட்டுத் தின்ன. அது நன்றாக இருக்கும். முழுக் கொட்டை ஒன்றைக் கையில் தருவார்கள். அதை அங்கே தின்னக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சங்கத்தின் பொதுக்கூட்டம் நடக்கும். உள்ளே உட்கார அனுமதி கிடைத்தால் வரவு செலவு வாசிக்கும் நேரத்தில் எழுந்து போய்விடாதீர்கள். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். எதில் இடித்தது என்று எனக்கு எழுதுங்கள். கணக்கு எனக்கு ஓடாது, உங்களுக்கு ஓடும்.

அன்புடன்