மகள் சொல்லும் முகவரி

கேள்வி: கம்போங் கெரிஞ்சியில் மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு, பிபிஆர் எனப்படும் அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடி வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறேன். தனியார் கல்லூரியில் படிக்கும் மகள், தோழிகள் காரில் கொண்டுவந்து விட்டால் பக்கத்தில் உள்ள கொண்டோ (வசதியானவர்களின் அடுக்குமாடி) வாசலிலேயே இறங்கிக்கொள்கிறாள். வீடு பங்சார் சவுத்தில் என்று சொல்லி வைத்திருக்கிறாள். பெற்றவளைப் பார்த்தே வெட்கமா?
- ஒரு தாய், கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, மகள் உங்களைப் பார்த்து வெட்கப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. வீடு எங்கே என்று தெரிந்துவிட்டால் அடுத்து வரும் கேள்விகளுக்குப் பயப்படுகிறாள். அப்பா என்ன வேலை, விடுமுறைக்கு எங்கே போனீர்கள், கார் இல்லையா? அதற்கப்புறம் அவளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும் என்று இந்த வயதிலேயே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அந்தப் பொய்யும் அவள் தொடங்கியதல்ல. கெரிஞ்சியில் உயர்ந்த கட்டடங்களை எழுப்பி விற்றவர்கள்தான் பக்கத்துப் பணக்காரப் பகுதியான பங்சாரின் பெயரை, 'பங்சார் சவுத்' என்று அங்கே கொண்டுவந்தார்கள். அரசாங்கம் பிறகு பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தும், புதுப் பெயர் பேச்சிலிருந்து போகவில்லை.

நம் ஆட்களுக்கு இது பழைய கதை. ரப்பர்த் தோட்டத்தில் நிர்வாகியான துரைக்கு மேட்டில் பங்களா, கணக்கு எழுதும் கிராணிக்குத் தனி வீடு, பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு லயம் என்ற வரிசை வீடு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். கோலாலம்பூரைச் சுற்றியிருந்த தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றபோது நடந்ததும் அதுதான். 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். நிலம் விற்ற பணம் முதலாளிகளுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் பல, புறம்போக்குக் குடிசைக்கும் பிறகு மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தன. உங்கள் குடும்பமும் அந்த வழியில் வந்திருந்தால் மகளிடம் சொல்லுங்கள். நீங்கள் உழைக்காததால் கொண்டோ கிடைக்காமல் போகவில்லை என்று அவளுக்குப் புரிய வேண்டும்.

ஆனால் 'உனக்காகத்தானே கஷ்டப்படுகிறேன்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவள் வாயை மூடிக்கொள்வாள். தோழிகளை வீட்டுக்கு அழைத்து வா என்று வற்புறுத்தவும் வேண்டாம். நம்பிக்கையான ஒருத்தியை அவளே ஒருநாள் கூட்டி வரட்டும். இரவில் அந்த வாசலிலிருந்து தனியாக நடந்து வருகிறாளா என்பதை இன்றே கேளுங்கள். போன் செய்தால் எதிரே போய்க் கூட்டி வாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. நாளை தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது, தோழிகளின் அப்பாக்கள் நண்பருக்கு ஒரு போன் போட்டே முடித்துவிடுவார்கள். மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை பிரிவது இந்த இடத்தில்தான். பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பு முடிந்தபின் அந்தக் கடனும் காத்திருக்கும். ஆகவே கல்லூரியின் பயிற்சிப் பிரிவுக்கு இப்போதே போகச் சொல்லுங்கள். நீங்கள் வேலை செய்யும் அலுவலகங்களில் முகம் தெரிந்த அதிகாரி யாராவது இருப்பார். மகளிடம் சொல்லிவிட்டு அவரிடம் நேராகக் கேளுங்கள். வசதியானவர்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கத் தயங்குவதே இல்லை, சகோதரி. நீங்களும் தயங்க வேண்டாம்.