கேள்வி – பதில்: இணைய விளம்பரமும் அமெரிக்க நாடாளுமன்றமும்

அரசியல் விளம்பரங்களுக்காகத் தேர்தல் ஆணையம் வகுக்கும் விதிகளை நாடாளுமன்றமே எதிர்த்த நிகழ்வு எங்காவது உண்டா?
— வாசகர், திண்டுக்கல்

உண்டு. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்லலாம். அங்கே 2002-இல் மெக்கெய்ன், ஃபைன்கோல்ட் என்ற இரு செனட்டர்களின் பெயரால் அறியப்படும் தேர்தல் நிதிச் சட்டம் நிறைவேறியது. எவையெல்லாம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொதுப் பிரசாரம் என்று வரையறுத்த அச்சட்டம், தொலைக்காட்சி, வானொலி, நாளிதழ், விளம்பரப் பலகை, மொத்தமாக அனுப்பும் அஞ்சல், தொலைபேசி அழைப்பு ஆகியவற்றை அடுக்கிவிட்டு, இறுதியில் பொதுமக்களை நோக்கிய வேறெந்த அரசியல் விளம்பரமும் இதில் சேரும் என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்தது. இணையம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் தன் விதிகளில் இணையத்துக்கு முழு விலக்கு அளித்தது.

அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் வெளியாட்கள் அல்லர். அச்சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று கொண்டுவந்த கிறிஸ்டோபர் ஷேஸ், மார்ட்டின் மீஹன் ஆகிய உறுப்பினர்களேதான். முழு விலக்கு சட்டத்துக்கு முரணானது என்று 2004 செப்டம்பரில் நீதிபதி கொலீன் கொலர்-கோட்டெலி தீர்ப்பளித்ததால், ஆணையம் விதியைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அதற்குள், ஒரு வலைப்பதிவர் வேட்பாளரின் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால்கூட அது தேர்தல் நன்கொடையாகக் கணக்கிடப்படக்கூடும் என்று ஆணையர் பிராட்லி ஸ்மித் 2005 மார்ச்சில் ஒரு பேட்டியில் எச்சரிக்க, நாடெங்கும் கூச்சல் எழுந்தது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் ஜெப் ஹென்சார்லிங்கும், செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீடும் மசோதாக்களைக் கொண்டுவந்தனர். அவற்றின் சாரம் ஒரே வாக்கியம்: இணையவழித் தொடர்பு அந்த வரையறையில் அடங்காது. தெளிவற்ற சொற்றொடரைச் சட்டத்தில் எழுதியவர்கள் உறுப்பினர்கள். பழி மட்டும் அதிகாரிகளின் தலையில் விழுந்தது என்பதே என் எண்ணம்.

அந்த மசோதாவுக்குப் பெரும்பான்மை கிடைத்தும் தோற்றதாகப் படித்தேன். அது எப்படி?
— வாசகி, கும்பகோணம்

வழக்கமான நடைமுறை விதிகளை நிறுத்திவைத்து, குறுகிய விவாதத்தோடு, திருத்தங்களுக்கு இடமின்றி ஒரு மசோதாவை விரைந்து நிறைவேற்றும் வழி பிரதிநிதிகள் சபையில் உண்டு. அவ்வழியில் போனால், வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். ஹென்சார்லிங்கின் மசோதா அவ்வழியில்தான் போனது. 2005 நவம்பர் 2 அன்று 225 பேர் ஆதரித்தும் 182 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். பதிவான 407 வாக்குகளில் 272 தேவை; 47 குறைந்துவிட்டது. இரு கட்சியினரும் இரு பக்கமும் நின்றார்கள்.

எதிர்த்தவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தேசியக் கட்சிகள் பெருநிறுவனங்களிடமிருந்தும் தொழிற்சங்கங்களிடமிருந்தும் வரம்பின்றிப் பணம் பெறுவதை 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. இணையத்துக்கு முழு விலக்கு அளித்தால், மாநிலக் கட்சிகள் அதே பணத்தைக் கொண்டு கூட்டாட்சி வேட்பாளர்களுக்காக இணைய விளம்பரம் வாங்கலாம். முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்ட கதையாகும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

ஆனால் தோற்ற மசோதாவும் வேலை செய்தது. அது மீண்டும் சபைக்கு வரவிருந்த நிலையில், 2006 மார்ச் 27 அன்று ஆணையத்தின் ஆறு ஆணையர்களும் ஒருமனதாக ஒரு குறுகிய விதியை ஏற்றனர். பிறருடைய இணையதளத்தில் கட்டணம் செலுத்தி வெளியிடும் விளம்பரம் மட்டுமே கட்டுப்பாட்டுக்குள் வரும். சொந்த வலைப்பதிவு, மின்னஞ்சல், இலவசமாகப் பதிவேற்றும் காணொளி ஆகியவை வாரா. எந்தக் கட்சிக்கும் மூன்று இடங்களுக்கு மேல் தராத, எதைச் செய்யவும் நான்கு வாக்குகள் கோரும் ஆணையத்தில் ஒருமித்த முடிவு என்பது சாதாரண விஷயமல்ல. நாடாளுமன்றத்தின் நிழல் விழாதிருந்தால் விதி இவ்வளவு மென்மையாக வந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

சட்டத்தைத் திருத்தாமல் விதியை மட்டும் நாடாளுமன்றம் ரத்து செய்ய முடியாதா?
— வாசகர், சேலம்

ஒரு காலத்தில் ஒரே சபை நினைத்தாலே முடிந்தது. ஆணையம் முதன்முதலாக எழுதிய விதிகளில் ஒன்றைச் செனட்டும் மற்றொன்றைப் பிரதிநிதிகள் சபையும் 1975-இல் நிராகரித்தன. செனட் நிராகரித்தது, உறுப்பினர்களின் அலுவலகச் செலவுக்கு வெளியார் தரும் பணத்தைக் கணக்கில் கொண்டுவர முயன்ற விதி என்பதைக் கவனிக்க வேண்டும். 1983-இல், குடியேற்றம் தொடர்பாகச் சாதா (Chadha) என்பவரின் வழக்கில், இத்தகைய ஒற்றைச் சபை ரத்து செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் ஒப்புக்கொண்டாலொழிய விதி விழாது. இதைவிடச் சத்தமில்லாத வழி, செலவின மசோதாவில் ஒரு வரியைச் செருகுவது. சமூகநல அமைப்புகளின் அரசியல் நடவடிக்கைகளை வரையறுக்கும் புதிய விதியை வருமான வரித் துறை வெளியிடக் கூடாது என்ற தடை 2015 டிசம்பரில் அப்படித்தான் வந்தது.

2006-ஆம் ஆண்டு விதி இன்றும் போதுமானதா?
— வாசகி, மதுரை

2016 தேர்தலையொட்டி, ரஷ்யத் தொடர்புடைய கணக்குகள் சுமார் 1,00,000 டாலர் செலவில் ஏறத்தாழ 3,000 விளம்பரங்களை வாங்கியிருந்ததாக ஃபேஸ்புக் 2017 செப்டம்பரில் அறிவித்தபோதே அதன் போதாமை தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே இணைய விளம்பரங்களில் வெளிப்படைத்தன்மை கோரும் மசோதா செனட்டுக்கு வந்தது. அதை முன்வைத்த மூவரில் மெக்கெய்னும் ஒருவர். அது நிறைவேறவில்லை. விளம்பரத்துக்குப் பணம் தந்தவர் யார் என்பதை இணையத்திலும் காட்ட வேண்டிய முறையை வரையறுத்து ஆணையம் 2022 டிசம்பரில் ஏற்ற விதி, 2023 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது.