உயர்தரம் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை: திருகோணமலையில் எங்கே கேட்பது?

உவர்மலையில் இருந்து 17 வயது மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் வணிகப் பிரிவு. ரியூசன் காசையாவது தானே உழைக்க வேண்டுமாம். யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. படிப்புக் கெட்டுவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

தங்கச்சி, முதலில் சட்டம். 2021 முதல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16. ஆகவே நீங்கள் வேலை செய்யலாம். ஆனால் 18 ஆகும் வரை ஆபத்தான வேலைகளில் உங்களை அமர்த்தக் கூடாது.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது கடை வேலை அல்ல. சாதாரண தரத்தில் ‘வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும்’ ஒரு பாடம். 10, 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் பலர் ஐந்தொகை (பலன்ஸ் ஷீட்) சமப்படாமல் தடுமாறுவார்கள். உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து, கிழமையில் இரண்டு பின்னேரம் சொல்லிக் கொடுங்கள். நேரம் உங்கள் கையில் இருக்கும். மற்றவருக்கு விளக்கும்போது உங்கள் அத்திவாரமும் இறுகும். அம்மாவின் பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அது சரிவரவில்லையா? டவுனில் புத்தகக் கடை, போட்டோக் கொப்பிக் கடை, பாமசி என்று ஏறி இறங்குங்கள். கடை நெரிசலாக இருக்கும்போது போகாதீர்கள். முதலாளி முகம் பார்த்துப் பேச மாட்டார். காலை பத்து, பதினொரு மணிபோல ஓய்வான நேரம் பார்த்து, ஒரு சனிக்கிழமை போங்கள். “என்ன வேலை என்றாலும் பரவாயில்லை” என்று சொல்ல வேண்டாம். “சனி, ஞாயிறு காலையில் வருவேன், கணக்கு எழுதத் தெரியும், கம்பியூட்டரில் தமிழ் அடிப்பேன்” என்று சொல்லுங்கள். உப்புவெளி, நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ்களில் மே முதல் செப்டெம்பர் வரை சீசன்; ஆள் தேடுவார்கள். ஆகஸ்ட் விடுமுறைக்குப் பகல் வேலை மட்டும் கேளுங்கள். இரவில் தனியாகத் திரும்பும் வேலை வேண்டாம்.

சம்பளத்தை முதல் நாளே பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150. இதற்குக் கீழே யாராவது சொன்னால், “வேலை பழகு, பிறகு பார்ப்போம்” என்றால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேலை செய்த நேரத்தை ஒரு சின்னக் கொப்பியில் நாள்தோறும் எழுதி வையுங்கள். சம்பளத்தில் இழுபறி வந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிட அது உதவும்.

வேலை தர முதலில் காசு கேட்பவர்கள், வாட்ஸ்அப்பில் வரும் ‘வீட்டிலிருந்தே உழைக்கலாம்’ செய்திகள், இவற்றின் பக்கமே போகாதீர்கள். அடையாள அட்டையின் மூலப்பிரதியை யாருக்கும் கொடுத்து வைக்கவும் வேண்டாம்; போட்டோக் கொப்பி போதும். யாராவது தவறாக நடந்தால் உடனே வெளியேறி வீட்டில் சொல்லுங்கள். 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம்.

அப்புறம், முதல் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இடத்தையும் ஆட்களையும் அவர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.