வாசகர் கேள்வி – பதில்: பறவையும் நோயும்

கேள்வி: எச்.எஸ்.சி. படிக்கும் என் மகள், பறவைகளின் வாழ்வையும் அவற்றுக்கு வரும் நோய்களையும் ஆராயும் விஞ்ஞானியாக வேண்டும் என்கிறாள். என்ன படிக்க வேண்டும்? மொரீஷியசில் இதற்கு இடம் உண்டா?
– வாசகி, ரோஸ் ஹில்

பதில்: தாராளமாக உண்டு அம்மா. இந்தத் துறைக்கு நம் தீவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. 1974-ல் மொரீஷியஸ் கெஸ்ட்ரல் வல்லூறு காட்டில் நான்கு மட்டுமே இருப்பதாகத் தெரிந்தது. இளஞ்சிவப்புப் புறா 1991-ல் காட்டில் பத்தளவுக்கு இறங்கிவிட்டது. 1979-ல் இங்கு வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்சும் அவருடன் உழைத்தவர்களும் இரண்டையும் நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். எண்ணிக்கை கூடிய பிறகு, நோய் பெரிய கேள்வியாக எழுந்தது.

வழி இரண்டு. கால்நடை மருத்துவம் படித்துவிட்டுக் காட்டுப் பறவைகளின் பக்கம் வரலாம். அல்லது உயிரியல் பட்டம், முதுகலை, முனைவர் பட்டம் என்று போகலாம். எதில் போனாலும் கணக்கை விட வேண்டாம் என்று மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஆய்வகப் பரிசோதனைகளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், புள்ளியியல் அவ்வளவு சீக்கிரம் வராது. புறாவின் தொண்டையில் வாழும் ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி, நன்றாகப் பறந்து திரியும் பெரிய புறாக்களிடமும் இருக்கும். அதே கிருமி குஞ்சுகளைக் கொன்றுவிடும். எந்தப் புறா தாங்கியது, எது செத்தது, எந்த ஆண்டில், எந்தத் தீனி மேடையில் என்று அறிய ஒவ்வொன்றின் காலிலும் வண்ண வளையம் மாட்டி ஆண்டுக்கணக்கில் பதிய வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் கிருமியைக் கண்டுபிடித்தும் பெரிய பயனில்லை.

நம் தீவின் பச்சைக்கிளிக்கு (கத்தோ வேர்) 2005-ல் அலகு–இறகு நோய் பரவியதையும் அவள் படிக்கட்டும். அதன் வைரசுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆகவே கைகளில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல்லை நம்ப முடியாது. பூட்சில் ஒட்டிய மண்ணை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 10 கிராம் விர்க்கான் என்ற கிருமிநாசினிப் பொடி கரைத்த நீரில் பத்து நிமிடம் வைக்க வேண்டும். மண்ணோடு முக்கினால் மருந்தின் வீரியம் மண்ணிலேயே போய்விடும்.

கேள்வி: அனுமதி பெற்று, தோட்டத்துப் புறாக்களின் தொண்டையிலிருந்து மாதிரி எடுக்கிறோம். நோய் தெளிவாகத் தெரிந்தும் நுண்ணோக்கியில் எதுவும் அசையவில்லை. எங்கே தவறு?
– பல்கலைக்கழக மாணவர், ரெதுயி

பதில்: பெரும்பாலும் குளிர்தான் காரணம். ரத்தக் குழாய்களோடு சேர்த்துப் பஞ்சுக் குச்சிகளையும் ஐஸ் பெட்டியில் வைத்திருப்பீர்கள். ட்ரைக்கோமோனாஸ் குளிர்ந்தால் அசைவை நிறுத்திவிடும், உலர்ந்தால் செத்துவிடும். அசையாத ட்ரைக்கோமோனாசை வெள்ளணுக்களுக்கு நடுவே பிரித்தறிவது அனுபவசாலிக்கும் கடினம்.

குச்சியைக் கிருமி நீக்கிய, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் நனைத்துக்கொள்ளுங்கள். நாக்கின் பின்புறமாகத் தீனிப்பை (கழுத்தடியில் தானியம் தங்கும் பை) வரை மெல்ல இறக்கி, சுவரோடு சுழற்றி எடுங்கள். மூச்சுக்குழல் வாய் நாக்கின் வேர்ப் பக்கம், அதற்குச் சற்றுப் பின்னால் திறந்திருக்கும். அதைத் தொடாமல் தாண்டிப் போக வேண்டும். பாதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சில நிமிடங்களுக்குள் 100, பிறகு 400 மடங்கில் பாருங்கள். மீதியை வளர்ப்பு ஊடகப் பையில் (ஒட்டுண்ணி வளர ஊட்டநீர் நிரப்பிய பை) போட்டு 37 டிகிரியில் வைத்து, ஐந்தாறு நாள் தினமும் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று பையைத் தூக்கிப் போடுவது, நாங்கள் அடிக்கடி பார்க்கும் பிழை.

ரத்தத்துக்கு முறை வேறு. பறவையின் சிவப்பணுவில் உட்கரு இருப்பதால் மரபணுச் சோதனைக்கு 0.1 மில்லிலிட்டர் தாராளம். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. அதை 1 மில்லிலிட்டர் தூய எத்தனாலில் சொட்டுச் சொட்டாக விட்டு உடனே குலுக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டியாகிவிடும், உள்ளே எத்தனால் ஏறாது. வளைய எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால், மாதிரி எடுப்பதற்கு முன்பே ஏற்றுமதி அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். கத்தோ வேர் பச்சைக்கிளி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், அதன் மாதிரிக்குப் பெறும் நாட்டின் அனுமதியும் தேவை.

கேள்வி: வாசலில் தானியம் வைக்கிறோம். வரும் புள்ளிப்புறா ஒன்றின் வாயில் மஞ்சள் கட்டி இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒட்டுமா?
– வாசகர், மாயேபூர்

பதில்: அந்த ஒட்டுண்ணி மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. கையுறை இல்லாமல் தொட வேண்டாம். நீர்க் கிண்ணத்தையும் தானியத் தட்டையும் சில வாரம் எடுத்துவிடுங்கள். புறாக்கள் ஒரே இடத்தில் கூடித் தின்பதுதான் நோய் தாவும் பாதை. பிளீச் கலந்த நீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே திரும்ப வையுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள்.