ஐந்து டாலர், பத்து டாலர்

போன இதழில் அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861ல் தொடங்கி, வட மாநிலங்களும் பிரிந்துபோன தென் மாநிலங்களும் மோதியது) பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டே வரியில் பதில் சொல்லித் தப்பித்தேன். பலன், இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் அதே விஷயம்தான். சரி, உட்கார்ந்து பேசிவிடலாம்.

கேள்வி: அந்தப் போர் அடிமை முறையால் வந்ததா, மாநில உரிமைப் பிரச்சினையால் வந்ததா? விடுதி அறையில் இரண்டு நாளாகச் சண்டை. (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: தம்பி, இந்தச் சண்டையில் எனக்கும் பங்கு உண்டு. சரித்திர ஆசிரியராக இருந்தபோது 'காரணங்கள்: 1. சுங்க வரி 2. மாநில உரிமை 3. அடிமை முறை' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதே வரிசையில் எழுதிய பையன்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்தவன் நான். பிரிந்துபோன மாநிலங்கள் தாங்களே எழுதி வைத்த காகிதங்களை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்தது. நான்கு நாள் கழித்துக் காரணங்களை வெளியிட்டது. தப்பி வரும் அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை, அதைத் தடுக்கத் தனிச் சட்டங்களே போட்டிருக்கின்றன என்பதுதான் அதன் பெரிய புகார். அதாவது வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியது குற்றம்! மிசிசிப்பி ஒளிவுமறைவே வைக்கவில்லை. எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. சுங்க வரியோ 1857ல் தென்னக உறுப்பினர்களின் ஆதரவோடு குறைக்கப்பட்டிருந்தது. தென் கரோலினாவின் அறிக்கையை அறையில் சத்தமாகப் படியுங்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: நாடு பிறந்தபோதே அடிமை முறை இருந்ததே. எழுபது வருடத்துக்கு மேல் பொறுத்தவர்கள் 1861ல் ஏன் அடித்துக்கொண்டார்கள்? (ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்)

பதில்: வாய்தா. உங்களுக்கு இந்த ஒரு சொல் போதும், மற்றவர்களுக்காக விரிக்கிறேன்.

1787ல் அரசியல் சட்டம் எழுதும்போதே முதல் வாய்தா வாங்கினார்கள். ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தெற்குக்குக் கூடுதல் பிரதிநிதிகள். வெளியிலிருந்து அடிமைகளை இறக்குவதற்கு 1808 வரை தடை கிடையாது. அடுத்தது 1820ல். மிசூரி அடிமை மாநிலம், ஈடாக மெய்ன் சுதந்திர மாநிலம், அதாவது அடிமை முறை இல்லாதது; நாடாளுமன்ற மேலவையான செனட்டில் தராசு சமம். மேற்கே 36 பாகை 30 நிமிட அட்சரேகையில் ஒரு கோடு; மிசூரி நீங்கலாக அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது. இந்தத் தகராறு நள்ளிரவில் அடித்த தீ மணியைப் போல் தன்னைத் திடுக்கிட வைத்தது என்று முன்னாள் அதிபரான முதிய ஜெபர்சன் எழுதினார். அவரே தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர்.

வழக்கு தானாகவே செத்துவிடும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். பருத்தி விடவில்லை. 1793ல் எலை விட்னியின் கொட்டை நீக்கும் எந்திரம் வந்த பிறகு பருத்தியில் பணம் கொட்டியது. 1790ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860ல் கிட்டத்தட்ட 40 லட்சம். பருத்தி மண்ணைச் சக்கையாக்கும் பயிர், புது நிலம் கேட்டுக்கொண்டே இருக்கும். 1848ல் மெக்சிகோவிடமிருந்து பெரும் நிலப்பரப்பு கைக்கு வந்ததும், அங்கே அடிமை முறை உண்டா இல்லையா என்று மறுபடி கிளம்பியது.

1850ல் வாங்கியதுதான் வினையான வாய்தா. கலிபோர்னியா சுதந்திர மாநிலமாக வரும். பதிலுக்குத் தப்பியோடிய அடிமைகள் சட்டம் கடுமையாகும். போரை நெருங்க வைத்தது இந்தச் சட்டம்தான் என்பது என் கணிப்பு. அதுவரை வடக்கில் ஒரு சாதாரண வெள்ளையருக்கு அடிமை முறை எங்கோ நடக்கும் சங்கதி. அவர் பெரிய நியாயவான் என்று சொல்ல வரவில்லை, கறுப்பரைப் பக்கத்தில் உட்கார வைக்க அவரும் தயாரில்லை. ஆனால் இப்போது அரசாங்கம் அவர் வாசலுக்கே வந்து, பிடிக்க உதவு என்றது. ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையர் 'இவர் அடிமைதான்' என்று அனுப்பி வைத்தால் கட்டணம் 10 டாலர். இல்லையென்று விட்டால் 5. திருப்பி அனுப்புவதில் எழுத்து வேலை அதிகம் என்று அதற்கு ஒரு விளக்கம். நீதிமன்றத்து எழுத்து வேலையை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

பாஸ்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு மாலை ஸ்டேட் தெருவில் நடந்தேன். 1854 ஜூன் 2 அன்று ஆந்தனி பர்ன்ஸ் என்ற இளைஞரைத் துருப்புகள் சூழ அந்த வழியாகத்தான் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்து துணிக்கடையில் வேலை பார்த்தவர். கட்டடங்களில் கறுப்புத் துணி, தெருவுக்கு மேலே ஒரு சவப்பெட்டி, இருபுறமும் பல்லாயிரம் ஜனம். ஆமோஸ் லாரன்ஸ் என்ற துணி ஆலை முதலாளி, தெற்கின் பருத்தியால் பிழைத்தவர்தான், ராத்திரி சமரசக்காரர்களாகப் படுத்த நாங்கள் காலையில் அடிமை ஒழிப்பு வெறியர்களாக எழுந்தோம் என்று எழுதினார். அடுத்த வருடம் பர்ன்ஸைப் பணம் திரட்டி மீட்டார்கள். ஆனால் அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்களை யாரும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை.

அந்த ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்புதான், கான்சாஸ், நெப்ராஸ்கா என்ற இரண்டு புது நிலப்பகுதிகளுக்கான கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. 1820ன் கோடு அழிந்தது. அடிமை முறை வேண்டுமா என்று குடியேறுகிறவர்களே முடிவு செய்யலாம். மிசூரியிலிருந்து கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி வந்து வாக்குப் போட்டார்கள். 1855 மார்ச்சில் சுமார் 2,900 வாக்காளர்கள் இருந்த கான்சாஸில் 6,000க்கு மேல் வாக்குகள் விழுந்தன. அப்புறம் இரண்டு பக்கமும் துப்பாக்கியை எடுத்தது.

கேள்வி: செனட்டுக்குள்ளேயே ஒருவர் மண்டையை உடைத்தார்களாமே? (வாசகி ஒருவர்)

பதில்: உண்மைதான் அம்மா. 1856 மே 22. மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் கான்சாஸ் விவகாரத்தில் தென் கரோலினா செனட்டர் பட்லரைக் கேவலமாகப் பேசியிருந்தார். பட்லரின் உறவினரான பிரஸ்டன் புரூக்ஸ், மேசையில் எழுதிக்கொண்டிருந்தவரைக் கைத்தடி உடையும்வரை அடித்தார். அபராதம் 300 டாலர். தெற்கிலிருந்து அவருக்குப் புதுத் தடிகள் பரிசாக வந்தன. மாசசூசெட்ஸோ சம்னரையே மறுபடி தேர்ந்தெடுத்து, அவர் தேறி வரும்வரை ஏறக்குறைய மூன்று வருடம் அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருந்தது.

கேள்வி: உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தீர்த்திருக்கலாமே?

பதில்: தலையிட்டதே! டிரெட் ஸ்காட் தன் எஜமானரான ராணுவ மருத்துவரோடு அடிமை முறை இல்லாத பகுதிகளில் வருடக்கணக்கில் வாழ்ந்தவர். ஆகவே நான் சுதந்திரன் என்றார். 1857ல் தலைமை நீதிபதி டானி தலைமையில் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு: கறுப்பர் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது, வழக்கே செல்லாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். புது நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரமில்லை என்றும் சேர்த்தார். அதைத் தடுப்பதற்காகவே பிறந்த, லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு, உன் கொள்கையே சட்டவிரோதம் என்று சொன்னது போலாயிற்று.

கேள்வி: லிங்கன் அடிமை முறையை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் ஜெயித்தாரா?

பதில்: இல்லை. இருக்கும் மாநிலங்களில் கைவைக்க மாட்டேன், புது இடங்களுக்குப் பரவ விடமாட்டேன், அவ்வளவுதான். தெற்குக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பத்துத் தென் மாநிலங்களில் ஒரு வாக்குகூட வாங்காமல் அவர் அதிபரானார். இனி நம் தயவே இல்லாமல் ஆட்சி அமைக்கலாம் என்று அவர்களுக்குப் புரிந்தது. அவர் பதவியேற்கும் முன்பே ஏழு மாநிலங்கள் போய்விட்டன. 1861 ஏப்ரல் 12 அன்று தென் கரோலினாவில் மத்திய அரசின் வசமிருந்த சம்டர் கோட்டை மீது தெற்கின் குண்டு விழுந்தது, போர் தொடங்கியது.

கேள்வி: பிரிட்டன் செய்தது போல் உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்து முடித்திருக்கலாமே? (வங்கி அலுவலர்)

பதில்: லிங்கன் முயன்று பார்த்தார். அதுவும் மிகச் சிறிய இடத்தில், வடக்கோடு நின்ற அடிமை மாநிலமான டெலவேரில். 1860 கணக்குப்படி அங்கே இருந்தவர்கள் 1,798 அடிமைகள்தான். 1861 கடைசியில் தலைக்கு 400 டாலர் வீதம் 7,19,200 டாலர் தருவதாக ஒரு மசோதாவையே எழுதிக் கொடுத்தார். டெலவேர் மறுத்தது. போர் முடிந்து, அடிமை முறையை ஒழிக்கும் 13வது திருத்தம் 1865 டிசம்பரில் நாடு முழுவதற்கும் அமலான பிறகுதான் அங்கே கடைசி அடிமைகள் விடுதலையானார்கள். டெலவேர் அந்தத் திருத்தத்துக்கு முறைப்படி ஒப்புதல் கொடுத்தது 1901ல்.